ஆழத்தில் தொய்ந்த பட்டு நூல்

1. ஜன்னல் கிடையாது

நீர்மூழ்கிக் கப்பலில் வேலை பார்த்தவன் என்று தெரிந்ததும் காஞ்சிபுரத்தில் எல்லோரும் முதலில் கேட்பது ஒன்றுதான். ஜன்னல் வழியாக மீன் தெரியுமா? பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் கேட்டிருக்கிறார்கள். பென்ஷன் விஷயமாகப் போன ஆபீஸில், என் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார்கள். போன மாதம் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டார்கள். அங்கேயும் முதல் கேள்வி மீன்தான். இரண்டாவது கேள்வி, “சார், நீங்க எத்தினி கப்பலை அடிச்சீங்க?” என்பது.

ஜன்னல் கிடையாது. கப்பல் எதையும் அடிக்கவில்லை. நாங்கள் சாவுக்கு மிக அருகில் போன நாளில் எங்கள் பக்கமிருந்து ஒரு டார்பிடோகூடக் கிளம்பவில்லை. அன்றைக்கு எங்கள் உயிர் காஞ்சிபுரத்துப் பட்டு நூல் ஒன்றில் மாட்டிக்கொண்டிருந்தது. கல்லூரியில் இதைச் சொல்ல நேரம் போதவில்லை. அதனால் எழுதுகிறேன்.

என் வேலை சோனார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கடலைக் கேட்பது. கடல் அமைதியானது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ஒருவகைச் சின்ன இறால் கூட்டமாக இருந்தால், எண்ணெயில் கடுகு போட்டது போல ஓயாமல் பொரியும். மேலே மழை பெய்தால் கீழே எங்களுக்குக் கேட்கும். வெளியே என்ன மாதம், பகலா இரவா என்றே தெரியாத இடத்தில் உட்கார்ந்துகொண்டு, “மேல மழை பெய்யுது” என்று சொல்வதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. ப்ரொபெல்லர் சத்தத்தை வைத்து, வருவது மீன்பிடிப் படகா, சரக்குக் கப்பலா, எங்களைத் தேடி வரும் போர்க்கப்பலா என்று பிரிக்க வேண்டும். தப்பாகப் பிரித்தால் அப்புறம் பேச ஆள் இருக்காது.

2. ஏகாம்பரத்தின் நூல்

எல்லையில் பதற்றமாக இருந்த நேரம். சண்டை வரும் என்றார்கள், வராது என்றார்கள். எங்களை டார்பிடோ ஏற்றி அனுப்பிவிட்டார்கள். கிளம்பும்போது புதிதாக வந்து சேர்ந்தவன் ஏகாம்பரம், எலக்ட்ரீஷியன். பெரிய கப்பல்களில் பல வருஷம் இருந்தவன், என் வயதுதான், ஆனால் நீர்மூழ்கிக்குப் புதுசு. காஞ்சிபுரத்தில் தறிக்காரர் குடும்பம். நான் வாலாஜாபாத் பக்கத்து ஊர், சர்ச்சுக்குப் போகிற வீடு. ஊரில் இருந்திருந்தால் நாங்கள் இரண்டு பேரும் பேசியிருப்போமா தெரியாது. அங்கே தமிழ் பேச இரண்டே வாய். ஒட்டிக்கொண்டோம்.

புதிதாக வருகிறவர்களுக்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தண்ணீருக்கு மேலே இருக்கும்போது கப்பலின் இந்தப் பக்கச் சுவரிலிருந்து அந்தப் பக்கச் சுவர்வரை ஒரு நூலை விறைப்பாகக் கட்டச் சொல்வோம். பிறகு ஆழத்துக்கு இறங்குவோம். கடல் அழுத்துகிற அழுத்தில் இரும்பு உடம்பே சுருங்கும். நூல் தொய்ந்து தொங்கும். அதைப் பார்த்ததும் புது ஆளின் முகம் போகிற போக்கைப் பார்க்கத்தான் அந்த வழக்கம்.

மற்றவர்கள் சாக்குத் தைக்கிற நூல் கட்டுவார்கள். ஏகாம்பரம் பையிலிருந்து வீட்டுப் பட்டு நூலை எடுத்தான். பல இழை சேர்த்து முறுக்கியது, மெல்லியது, ஆனால் கையால் அறுக்க முடியாது. டார்பிடோ ரூமில், அவன் படுக்கிற பங்க்குக்கு மேலே கட்டினான். ஒரு முனை பைப்பில். இன்னொரு முனை, ஸ்பேனர்கள் மாட்டிவைக்கும் இரும்புப் பலகையில். அந்தப் பலகை ஒரு ரப்பர் மெத்தையின் மேல் உட்கார்ந்திருக்கும், ஆடினாலும் சத்தம் வராதிருக்க.

இறங்கினோம். நூல் தொய்ந்தது. அவன் பயப்படவில்லை. வாயைத் திறந்து பார்த்துக்கொண்டே நின்றான். “இரும்பு மூச்சு விடுதுபா” என்றான். எனக்கு அவனை அப்போது ரொம்பப் பிடித்துப்போயிற்று.

நூலை அதோடு எல்லோரும் மறந்துவிட்டோம். நான் உள்பட.

3. டிக்

சில நாள் கழித்து ஒரு போர்க்கப்பல் எங்கள் மேலேயே வந்தது. கேப்டன் எங்களை ஆழத்துக்குக் கொண்டுபோய் சைலண்ட் ரூட்டீன் போட்டார். அதாவது விசிறி இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை, சமையல் இல்லை. வேலையில் இல்லாதவர்கள் பங்க்கில் படுத்துவிட வேண்டும், நடந்தால் மூச்சு வாங்கும், காற்று வீணாகும். வெறுங்காலோடுதான் நடமாட்டம். பேச்சு காதோடு காது. கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் வியர்வை, தலைக்குள் ஒரு வலி.

அந்தக் கப்பலின் சத்தம் தேய்ந்து மறைந்தது. கேப்டன் அவசரப்படாத மனிதர், காத்திருந்துதான் மெல்ல மேலே எழுப்பினார். பாதி உயரம் வந்திருப்போம். ஹெட்போனில் கேட்டது.

டிக்.

கொஞ்சம் விட்டு மறுபடி. டிக். இரும்பில் இரும்பு படுகிற சத்தம். கையைத் தூக்கிக் காட்டினேன். கேப்டன் எங்களை அந்த ஆழத்திலேயே நிறுத்தினார்.

என்ன இது? பயத்துக்கு முன்னால் எனக்கு வந்தது அந்தக் கேள்விதான். அந்த வேலைக்கு வருகிறவன் புத்தி அப்படித்தான் இருக்கும். கேப்டனிடம் கப்பலைச் சற்றுத் திருப்பச் சொல்லிக் கேட்டேன். வெளியிலிருந்து வரும் சத்தமாக இருந்தால் நாம் திரும்பும்போது அதன் திசை மாறும். இது மாறவில்லை. எங்களோடு சேர்ந்து திரும்பியது. சத்தம் எங்கள் வயிற்றுக்குள் இருந்தது.

அதே நேரத்தில் இரண்டாவது செய்தியும் கிடைத்தது. அந்தப் போர்க்கப்பலின் ப்ரொபெல்லர் தூரத்தில் மறுபடி கேட்டது, திடீரென்று நின்றது. போர்க்கப்பல் எஞ்சினை நிறுத்துவது ஒரே ஒரு காரியத்துக்குத்தான். காது கொடுத்துக் கேட்பதற்கு. அங்கேயும் என்னைப்போல ஒருவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். டிக் என்பது அவனுக்குக் கேட்டுவிட்டால் நாங்கள் முடிந்தோம். இப்போதுதான் எனக்குப் பயம் வந்தது.

ஆழத்தில் இருந்தபோது இந்தச் சத்தம் இல்லை, மேலே வந்த பிறகுதான் வந்தது என்று கேப்டனிடம் சொன்னேன். மறுபடி இறங்கலாம்தான். அதற்கு பம்ப் ஓட்ட வேண்டும். பம்ப் சத்தம் இதைவிடப் பெரிது. ‘மேலே வந்ததும் ஆரம்பித்த சத்தம், தேடுங்கள்’ என்ற உத்தரவு காதோடு காதாக முன்னாலும் பின்னாலும் போயிற்று.

கொஞ்ச நேரத்தில் என் தோளில் ஈரமான ஒரு கை விழுந்தது. ஏகாம்பரம்.

“சாமு, அது என் நூலுபா.”

“எந்த நூலு?”

“ஆழத்துல தொங்கிக்கினு இருந்துது இல்ல. பங்க்குல சும்மா படுத்துக்கினு இருந்தப்ப இழுத்துக் கட்டிட்டேன்.”

எனக்குப் புரிந்துவிட்டது. சுருங்கியிருந்த கப்பலில் நூலை விறைப்பாக்கிவிட்டான். மேலே வர வர இரும்பு விரிகிறது. பட்டு நூல் அறுந்து தொலையாமல் ஸ்பேனர் பலகையை ரப்பரிலிருந்து தூக்கிவிட்டது. பலகை அந்தரத்தில் ஆடி, பக்கத்து இரும்பில் தட்டுகிறது.

அறுத்துவிடு என்றேன். கூடாது என்று தலையை ஆட்டினான்.

“அறுத்தா பலகை பொத்துனு உழும். ஸ்பேனரு அத்தினியும் கத்தும். அது டார்பிடோவுக்குப் பின்னால இருக்குது, கைய வுட்டு அடியில தாங்கிப் புடிக்க முடியாது.”

“அப்ப இன்னா பண்றது?”

“தறியில பண்றதுதான். அந்த நூலோடவே இன்னொரு நூலு முடிஞ்சி, அத்தக் கையில புடிச்சிக்கினு, பைப்பு பக்கம் பழசை அறுத்து, மெதுவா வுடுறேன். நீ கேட்டுக்கினே இரு.”

கேப்டனிடம் சொல்லிவிட்டு அவன் போனான். அடுத்து நடந்ததை நான் பார்க்கவில்லை, கேட்டேன். டிக். டிக். பிறகு ஒரு இடைவெளி. வராது என்று நினைத்தபோது இன்னொரு டிக். இரும்பு இரும்பில் லேசாக உரசுகிற சத்தம், நீளமாக, மிக மெதுவாக. விரல் விரலாக விடுகிறான் என்று தெரிந்தது. என்னையறியாமல் பைபிள் சங்கீதம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன், வாயைத் திறக்காமல். அப்புறம் ஒன்றுமில்லை. இறால்கள் பொரிவது மட்டும் கேட்டது.

அந்தக் கப்பல் வெகுநேரம் அசையாமல் இருந்தது. பிறகு அதன் ப்ரொபெல்லர் சுற்ற ஆரம்பித்தது. எங்களை நோக்கியா, விலகியா? திசை நகர நகர கேப்டனுக்கு விரலால் காட்டிக்கொண்டே இருந்தேன். விலகிப் போனது. கேப்டன் தன் முகத்தை இரண்டு கையாலும் அழுந்தத் துடைத்துக்கொண்டார்.

அந்தக் கப்பலில் ஹெட்போன் மாட்டியிருந்தவனுக்கு எங்கள் டிக் கேட்டதா? கேட்டும் ஏதோ மீன் என்று விட்டுவிட்டானா? இன்றைக்கும் எனக்கு அது தெரிய வேண்டும். எங்காவது ரிட்டயர் ஆகி உட்கார்ந்திருப்பான். நேரில் பார்த்தால் டீ வாங்கிக் கொடுத்துக் கேட்பேன்.

4. கேப்டன் கொடுத்த தண்டனை

ஏன் இழுத்துக் கட்டினான் என்று கேப்டன் கேட்டதற்கு ஏகாம்பரத்தால் ஹிந்தியில் விளக்க முடியவில்லை. என்னிடம் தமிழில் சொன்னான்.

“தறியில பாவு நூல்ல ஒரு இழை தொங்கினா கை தானா போய் இழுத்துடும்பா. சின்ன வயசுலேர்ந்து அப்பிடியே பழகிடுச்சி. பாத்துக்கினு சும்மா இருக்கறது எங்க வூட்ல யாருக்கும் வராது.”

நான் மொழிபெயர்த்தேன். கேப்டன் கத்துவார் என்று நினைத்தேன். அவரோ, திரும்பும் வழியில், ஆழத்தில் இருக்கும்போதே, அதே இடத்தில் இன்னொரு நூல் கட்டச் சொன்னார். இரண்டு முனையும் பைப்பில்தான், தொய்வாக. மேலே போய்ச் சேரும்வரை அவன் அதன் எதிரே நிற்க வேண்டும், தொடக் கூடாது. அவ்வளவுதான் தண்டனை.

வேலை முடிந்து நானும் போய்ப் பார்த்தேன். கப்பல் மெல்ல எழும்பியது. தொங்கிய நூல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறியது. ஏகாம்பரத்தின் விரல்கள் துடித்தன, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டான். நாங்கள் கற்றுக்கொண்டது இதுதான், இனி அந்த வேலைக்குப் போகிறவர்கள் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஆழத்தில் தொய்ந்து கிடப்பதெல்லாம் கெட்டுப்போனதில்லை. உங்களுக்கு நன்றாகத் தெரிந்த வேலையைச் செய்யத்தான் அங்கே கை முதலில் நீளும். அப்போதுதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

மேலே ஹேட்ச் மூடி திறந்தது. உப்புக் காற்று இறங்கி வந்து முகத்தில் பட்டது. எல்லோரும் ஏணியை நோக்கி ஓடினார்கள். ஏகாம்பரம் நகரவில்லை. யாரும் தொடாமலே விறைத்து நின்ற நூலைப் பார்த்துக்கொண்டு, “இன்னும் கொஞ்சம் நேரம் பாக்கறேன், நீ போபா” என்றான்.