கீழ்த்தளக் கடையில் முதற்பதிப்புகள்

நேற்று நூலகத்தில் ஈரமேறிய பழைய தாளின் வாசனை வந்ததும், ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் இன்று இல்லாமல் போய்விட்ட அந்தக் கீழ்த்தளப் புத்தகக்கடை நினைவுக்கு வந்தது. எழுபதுகளின் தொடக்கம், அப்பா அங்கே ஆய்வு மாணவர். வாரமெல்லாம் ஆய்வகத்தில் நின்று களைத்த கால்களோடு, சனிக்கிழமைதோறும் அம்மாவையும் என்னையும் கூட்டிக்கொண்டு அந்தப் படிகளில் இறங்கி, தனக்குப் பிடித்த ஒரே எழுத்தாளரின் பயண நூல்களை, அதிலும் முதற்பதிப்புகளை மட்டும், தேடுவார். நாங்கள் கோட்டைக்கூடக் கழற்றாமல், ஹீட்டரின் முனகலைக் கேட்டபடி முக்காலிகளில் காத்திருப்போம். எங்களை அவர் எந்த ஊருக்கும் கூட்டிப்போனதில்லை.

ஒரு சனிக்கிழமை, அதுவரை அகப்படாத கடைசி நூலும் கிடைத்துவிட்டது. அப்பா அதைப் பிரித்துப் பார்த்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"செட் கம்ப்ளீட் ஆயிடுச்சு. இனிமே என்னத்தத் தேடுறது?"

"இனிமேலாவது எங்கயாவது போலாமேங்க," என்றாள் அம்மா. குரலில் கோபம்கூட இல்லை.

அடுத்த வாரம் கடல் பார்க்க ரயிலேறினோம். ஊர் எல்லையைத் தாண்டுமுன்பே அப்பா தூங்கிப்போனார். கடல் தெரிந்ததும் அவரை உலுக்கப் போனேன்.

"எழுப்பாதடி, பாவம்."

அவர் தலையைத் தோளில் தாங்கிக்கொண்டு, அம்மா ஜன்னல் பக்கம் திரும்பினாள்.