கிளட்ச் மிதிக்கிற கால்

ஜீப் ஓட்டுகிறவனுக்கு வண்டி மக்கர் செய்தால் ஒரு மெக்கானிக் வருவான். இடுப்பு மக்கர் செய்தால் ஊரே மெக்கானிக் ஆகிவிடும். கம்பத்திலிருந்து மலையேறி, கேரளா பக்கம் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிப்போய் இறக்குவது என் தொழில். முப்பது வருஷம் ஓட்டினேன். அந்த ரோட்டில் இருந்த குழியெல்லாம் கடைசியில் என் இடுப்பில் வந்து குடியேறியது. பிட்டத்தில் கிளம்பி, கெண்டைக்கால் வழியாகப் பெருவிரல் வரைக்கும் பழுக்கக் காய்ச்சிய கம்பியை இழுத்துவிட்ட மாதிரி ஒரு வலி. பட்டவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. டாக்டர்கள் அதற்கு சயாட்டிகா என்று பேர் வைத்திருக்கிறார்கள். நான் வைத்த பேர்களை இங்கே எழுத முடியாது.

கைத்தாங்கல்

வலி பிடித்தது இடது கால். கார் ஓட்டத் தெரிந்தவர்களுக்குப் புரியும், கிளட்ச் அந்தக் கால்தான். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் கியர் மாற்ற வேண்டும். சீட்டில் சாக்கை நாலாக மடித்துப் போட்டேன். பின்பக்கப் பையில் இருந்த பர்ஸைச் சட்டைப் பைக்கு மாற்றினேன். அப்படியும் கால் எழும்பாதபோது, யாரும் பார்க்காத மாதிரி தொடைக்குக் கீழே கையைக் கொடுத்துத் தூக்கி வைத்து மிதித்தேன்.

யாரும் பார்க்கவில்லை என்று நினைத்தது என் மடத்தனம். முன்சீட்டில் உட்கார்ந்து வருவது பேச்சியம்மாள். அந்தப் பெண்களுக்கெல்லாம் தலைவி மாதிரி. ரெண்டு நாள் சும்மா இருந்துவிட்டு மூன்றாம் நாள் கேட்டாள்: “என்னண்ணே, ஸ்டியரிங்கப் பிடிப்பீகன்னு பாத்தா காலப் பிடிச்சுட்டு வர்றீக. நாங்க யாரப் பிடிச்சுக்கிறது?”

சனிக்கிழமை வைத்தியம்

நொச்சி இலை, செங்கல் ஒத்தடம், எல்லையைத் தாண்டி ஒரு வைத்தியரிடம் எண்ணெய்க் கிழி எல்லாம் பார்த்தாகிவிட்டது. கிழி கொடுத்த இரண்டு நாள் சுகமாக இருக்கும். மூன்றாம் நாள் மலையேறினால் வலியும் கூடவே ஏறிவிடும்.

‘ஏழரைச் சனி நடக்கிறது, குச்சனூர் சனி கோயிலுக்குப் போ’ என்றார்கள். சனிக்கிழமை போனேன். வரிசையில் நின்று நின்று கால் மரத்து, சாமி முன்னால் வந்தபோது கும்பிடக்கூட முடியவில்லை. கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தேன். என் வீட்டுக்காரி விபூதியைப் பூசிவிட்டுச் சொன்னாள்: “அந்தச் சாமிக்கே ஒரு கால் சரியில்லம்பாக. அவர்ட்டப் போயி கால் கேக்குறீகளே!”

தங்கராசு

தங்கராசும் நானும் ஒரே வருஷம் லைசென்ஸ் எடுத்தவர்கள். ஸ்டாண்டில் என் வண்டிக்கு அடுத்தது அவன் வண்டிதான் நிற்கும். ஒருநாள் ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கும்போது என் கால் கிளட்ச்சிலிருந்து நழுவியது. என்ஜின் அணைந்து, வண்டி ஒரு முழம் பின்னால் உருண்டது. பெண்கள் கத்தினார்கள். பிரேக்கில் நின்றுவிட்டது, ஆனால் பின்னால் வந்த தங்கராசு பார்த்துவிட்டான்.

மறுநாள் காலை ஸ்டாண்டில் எல்லார் முன்னாலும் சொன்னான், ‘இவன் கால் சரியாகுறவரைக்கும் யாரும் இவன் வண்டியில ஏறாதீக’ என்று. பெண்கள் ஒவ்வொருவராக இறங்கித் தூக்குச்சட்டியோடு மற்ற வண்டிகளுக்குப் போனார்கள். பேச்சியம்மாள் கடைசியாக இறங்கினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே தங்கராசு வீட்டுக்கு வந்தான். தேனியில் நரம்புக்கு ஒரு ஆஸ்பத்திரி இருக்கிறதாம், அவன் மச்சினனுக்கு அங்கேதான் குணமானதாம், நாளைக்கே கூட்டிப்போகிறானாம். நான் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டேன். வாசல்வரை போனவன் திரும்பி நின்று சொன்னான்: “ஏலே, என்ட்டப் பேசாட்டிப் போ. அந்தக் கால்ட்டயாவது என்னன்னு கேளு.”

நான் கேட்கவில்லை. அன்றோடு வண்டி எடுப்பதையும் விட்டேன். அவன் சொன்ன ஆஸ்பத்திரி என்பதற்காகவே ஒன்றரை வருஷம் தேனிப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

செருப்பு

ஒருநாள் கடைக்குப் போய் வந்தபோது வீட்டுக்காரி கேட்டாள், ஒரு செருப்பு எங்கே என்று. குனிந்து பார்த்தால் இடது காலில் இல்லை. எங்கே கழன்றது என்றே தெரியவில்லை. அன்றைக்குத்தான் பயம் வந்தது.

தேனிக்குப் போனேன். ஸ்கேன் எடுத்தார்கள். உடற்பயிற்சி சொல்லித்தர என் மகள் வயதில் ஒரு பெண். குப்புறப் படுத்து முழங்கையை ஊன்றி எழச் சொன்னாள், தினமும் நடக்கச் சொன்னாள். வாய்க்கால் கரையில் முதலில் நூறு அடி, பிறகு ஒரு மைல். நாலு மாதத்தில் அந்தக் கம்பி வலி போயேவிட்டது. ஆனால் பாதம் மட்டும் மேலே எழும்பவில்லை. அதைக் கேட்டேன். அந்தப் பெண் காலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: “வலிக்கு மட்டும்தான் நீங்க நேரத்துக்கு வந்திருக்கீங்க ஐயா. பாதத்துக்கு அப்பவே வந்திருக்கணும்.”

நோட்டு

எங்கள் ஸ்டாண்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஒரு மாதம் வண்டி எடுக்காதவன் பேரை, வண்டிகள் கிளம்புகிற முறை எழுதிய நோட்டிலிருந்து அடித்துவிடுவார்கள். பிறகு அவன் நினைத்தாலும் அங்கே நிற்க முடியாது. என் பேர் எப்போதோ போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேதான், வலி தீர்ந்த பிறகு ஒரு காலையில் அங்கே போனேன். தங்கராசு நக்கல் செய்தால் என்ன சொல்வதென்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன்.

பேச்சியம்மாள்தான் முதலில் பார்த்தாள். தனியாக இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னாள்: “மாசாமாசம் ஒங்க பேர அடிக்கப் போவாக. தங்கராசண்ணன்தான் நோட்டப் பிடிச்சுக்கிட்டுச் சண்ட போடுவாக. ‘அவன் வருவான், ஏம் பேர வேணா அடிங்க’ன்னு.”

தங்கராசு நக்கல் செய்யவில்லை. நோட்டை விரித்து என் பேர்மேல் விரலை வைத்தான். “இங்கனயேதான் இருக்கு. எப்பலே வண்டிய எடுக்குற?”

அவன் கையிலிருந்த பேனாவை வாங்கி என் பேரை நானே அடித்தேன். வலி போய்விட்டது, அவன்மேல் இருந்த கோபமும் போய்விட்டது, போயிருக்கக் கூடாத கால் மட்டும் அவற்றோடு சேர்ந்து போய்விட்டது.