எண்ணெய்ச் சட்டி வைக்காமல் ஒரு சாக்லேட் ஃபட்ஜ்

அடுத்த வீட்டு அடுப்பில் என்ன கொதிக்கிறது என்று தெரியாவிட்டால் உங்களுக்குத் தூக்கம் வராதா? சாக்லேட் ஃபட்ஜ் கிண்டியது நான், கையைச் சுட்டுக்கொண்டது நான், கேள்வி மட்டும் உங்களுக்கு. உங்கள் வீட்டில் வேலை இல்லையென்றால் வந்து என் கடாயைத் தேய்த்துக் கொடுத்துவிட்டுப் போங்கள். சரி, கேட்டுத் தொலையுங்கள்.

என் மருமகள் கிறிஸ்தவ வீட்டுப் பெண். கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பெனியில் என் மகனோடு வேலை பார்த்தாள். கம்பெனி பஸ்ஸில் பேசிப் பேசி, இரண்டும் ஒருநாள் என் வீட்டு வாசலிலேயே இறங்கிவிட்டன. அவளுடைய அம்மா அத்திப்பட்டில் இருந்தார். வருஷா வருஷம் கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் அந்த அம்மா ஒரு டப்பா நிறைய ஃபட்ஜ், அதாவது பர்ஃபி மாதிரி வெட்டிய சாக்லேட் இனிப்பு, செய்து தருவார். மருமகள் அதைக் கம்பெனிக்கு எடுத்துப் போவாள். கூட வேலை செய்கிற பெண்கள் மூடியைக்கூட வழித்துத் தின்றுவிட்டுத்தான் அனுப்புவார்கள்.

போன ஆடியில் அந்த அம்மா போய்விட்டார். மருமகள் அழுதாள். பிறகு வேலைக்குப் போனாள், வந்தாள், சமைத்தாள். அம்மா என்கிற பேச்சு மட்டும் அவள் வாயில் வரவில்லை. டிசம்பரில் வாசலில் ஸ்டார் கட்டவில்லை. கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் லீவு போடப் போகிறேன் என்றாள்.

“இன்னாத்துக்கும்மா லீவு?”

“டப்பா எங்கன்னு கேப்பாளுங்க அத்த. நான் இன்னா சொல்றது?”

சொல்லிவிட்டு வெங்காயம் உரிக்கப் போனாள். அன்றைக்கு வைத்தது மிளகு ரசம். வெங்காயம் எதிலும் விழவில்லை.

அவளை டப்பாவோடு பஸ் ஏற்றிவிட வேண்டும் என்று எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. ஆனால் எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்பும் வரை பண்டிகைக்கு எண்ணெய்ச் சட்டி வைக்கக் கூடாது. வடை, முறுக்கு எதுவும் கிடையாது. சொந்தக்காரர்கள் வெளியிலிருந்து கொண்டுவந்து கொடுத்தால் தின்னலாம். சம்பந்தி சாவுக்கும் இது உண்டு என்று எதிர்வீட்டுக்காரி தானாகவே சட்டம் போட்டிருந்தாள். தீபாவளியன்று எங்கள் வாசலில் நின்று மோப்பம் பிடித்துவிட்டுத்தான் போனாள்.

என் மகனுடைய போனில் ஒரு பெண் ஃபட்ஜ் செய்து காட்டினாள். பார்த்தேன். அடுப்பு உண்டு, கடாய் உண்டு, எண்ணெய் இல்லை. வழக்கம் வைத்தவர்கள் சாக்லேட்டைப் பற்றி ஒன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லையே.

ஒரு டின் கண்டென்ஸ்டு மில்க், உடைத்த சாக்லேட் கட்டி, கொஞ்சம் வெண்ணெய். சின்னத் தீயில் வைத்து, எல்லாம் உருகிப் பளபளப்பாக வந்ததும் இறக்கித் தட்டில் ஊற்றி ஃபிரிட்ஜில் வை என்றாள் போன்காரி. அவ்வளவுதானாம். இவளுக்கு யார் சமையல் சொல்லிக் கொடுத்தது என்று நினைத்தேன். நான் அல்வா கிண்டியவள். ஓரத்தில் நெய் பிரிந்து வராமல் எந்த இனிப்பையும் அடுப்பிலிருந்து இறக்கியதில்லை. அதனால் விடாமல் கிண்டினேன். பிரிந்தது. நடுவில் ஈர மணல் மாதிரி ஒரு கறுப்புக் கட்டி, அதைச் சுற்றி எண்ணெய்க் குளம். ஒரு சொட்டு எண்ணெய் ஊற்றாமலே எண்ணெய்ச் சட்டி வைத்தவள் இந்த ஜில்லாவில் நான் ஒருத்திதான்.

அந்த நேரம் பார்த்து மருமகள் ஷிஃப்ட் முடிந்து உள்ளே வந்தாள். தோளில் பையோடு கடாயை எட்டிப் பார்த்தாள்.

“இன்னா அத்த, தாரு காச்சறியா?”

“தெருவுக்கு ரோடு போடலாம்னு. உங்கம்மா செய்யுமே, அதும்மா இது.”

அவள் முகம் அப்படியே நின்றுபோனது. ஆறாத புண்ணில் கை வைத்துவிட்டேனோ என்று நினைத்தேன். அடுப்பை அணைத்தேன்.

“கொட்டிட்டு வந்துடறேன். நீ போய் மூஞ்சி கழுவு.”

“இரு அத்த, கொட்டாத.”

பையைக் கீழே வைத்தாள். கொஞ்சம் பாலைச் சுட வைத்து, அதைக் கரண்டி கரண்டியாக விட்டு அடிக்க ஆரம்பித்தாள்.

“எண்ண பிரியற வரிக்கும் வுட்டியா?”

“அல்வாக்கு அப்டித்தான வுடுவோம்.”

“எங்கம்மாவும் மொத தபா இப்டித்தான் கெடுத்துச்சு. சர்ச்சுக்குப் போற நேரம், சட்டில எண்ண மெதக்குது. எங்க நைனா இன்னா சொல்லுச்சு தெரியுமா? இத எனக்குக் குடுத்துடு, சைக்கிள் செயினுக்கு வுட்டுக்கறேன்னுச்சு. அம்மா கரண்டியாலயே ஒண்ணு வெச்சுது.”

சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகை வந்துவிட்டது. ஆனாலும் கை நிற்கவில்லை. கடாய் சுற்றிவிடாமல் நான் பிடித்துக்கொண்டேன். பிரிந்த எண்ணெய் மெல்ல மெல்ல உள்ளே போய், மேலே ஒரு மினுக்கு வந்தது. தட்டில் ஊற்றினோம். அது ஆறும் வரை அவள் அம்மாவைப் பற்றிப் பேசினாள். சர்ச்சில் எல்லோரும் பாட்டை முடித்த பிறகு அந்த அம்மா தனியாக ஒரு வரி பாடிக்கொண்டிருப்பாராம். புதுப் புடவையைக் கட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப மடித்து வைத்துவிடுவாராம். நான் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும்.

மறுநாள், கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் காலையில், துண்டு துண்டாக வெட்டி டப்பாவில் அடுக்கினாள்.

“லீவுன்னியே?”

“டப்பா கீதே அத்த. கேட்டா குடுக்கலாம்.”

பஸ் ஏறிப் போய்விட்டாள். மிச்சம் இருந்ததை ஒரு தட்டில் வைத்திருந்தேன். எதிர்வீட்டுக்காரி, துணைக்கு இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

“இன்னாக்கா, நேத்து வாசன தெருவையே தூக்குச்சு. வருஷம் திரும்பல, அதுக்குள்ள பலகாரமா?”

“நாங்க எங்க செஞ்சோம்? சம்பந்தியம்மா குடுத்தனுப்சுது.”

“அதான் செத்துப் பூட்ச்சேக்கா.”

“செத்துப் பூட்டா பொண்ணுக்கு அனுப்ப மறந்துடுமா? வெளிலேர்ந்து வந்ததுதான், தாராளமா துன்னலாம். ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்கோங்க. ரெண்டு எடுத்தீங்கன்னா, அந்தம்மா பாத்துக்கினே இருக்கும்.”