சுஸ்தாலின் வரவேற்பு மேசை

ரஷ்யாவின் பழைய நகரங்களைச் சுற்றிப் பார்த்தவள் நான். வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் பூசை முடிந்து பிரசாதத்துக்கு நிற்கும்போது யாராவது, "ரஷ்யாவிலை அப்பிடி என்னதான் கிடக்குது?" என்று கேட்டால், வெள்ளைக் கல் தேவாலயங்கள், வெங்காயம் போலக் குமிழ்ந்த கோபுரங்கள், மரத்தாலேயே எழுப்பிய கோயில்கள் என்று வழிகாட்டிப் புத்தகத்தில் உள்ளதையெல்லாம் ஒப்புவிப்பேன். உண்மையில் எனக்குத் தெளிவாக நினைவிருப்பவை அந்த ஊர்களின் ஹோட்டல் வரவேற்பு மேசைகள்தான். விளாதிமிரில் மேசைக்குப் பின்னால் ஒரு ரப்பர் செடி இருந்தது. சுஸ்தாலில் மேசையின் இரண்டாவது இழுப்பறை சரியாக மூடாது. ரஸ்தோவில் மேசை புதிது, இழுப்பறைக்குப் பூட்டும் இருந்தது. அந்த ஊரை எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நாங்கள் ஹவுன்ஸ்லோவில் இருந்தோம். கணவர் விமான நிலையத்தில் சரக்குப் பகுதியில் ஷிப்ட் வேலை. நான் யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவள். இங்கே ஒரு மருந்துக் கடையில் இருமல் மருந்தும் பற்பசையும் விற்றுக்கொண்டிருந்தேன். அந்தக் கடையில் மருந்தாளர் நிற்கும் இடம் மட்டும் ஓரடி உயரம். எங்கள் ஒரே மகள் அந்த ஓரடி உயரத்தில் வெள்ளைக் கோட்டுடன் நிற்பதை நான் பல வருடங்களாகக் கண்ணை மூடாமலே கண்டுகொண்டிருந்தேன். அவளோ பள்ளிக்கூடத்தில் ரஷ்ய மொழி எடுத்து, அதிலேயே மயங்கி, பல்கலைக்கழகத்திலும் அதைத்தான் படிப்பேன் என்று நின்றாள். அந்தப் படிப்பில் மூன்றாம் வருடத்தை விளாதிமிரில் தனியாக இருந்து படிக்க வேண்டும்.

"ரஷ்யன் படிச்சு என்ன செய்யப்போறாய்?"

"கதைக்கப்போறன்."

"ஆரோடை?"

"ரஷ்யக்காரரோடை, அம்மா. கோடிக்கணக்கிலை இருக்கினம்."

வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த கணவர் கண்ணீரோடு திரும்பினார். வெங்காயக் கண்ணீர்தான். "இஞ்சேரும், ஈஸ்டர் லீவிலை நீங்கள் ரெண்டு பேரும் ஒருக்காப் போய்ப் பாத்திட்டு வாங்கோ. பாத்தாப் பிறகும் நீர் வேண்டாமெண்டால் அவள் ஃபார்மசி படிக்கட்டும். என்ன பிள்ளை, ஓமோ?"

மகள் உடனே "ஓம்" என்றாள். அந்தத் தேவாலயங்களைப் பார்த்தால் யாருக்கும் மனம் மாறிவிடும் என்று அவள் நம்பினாள். நானும் உடனே "ஓம்" என்றேன். வேண்டாம் என்று சொல்வதற்கான காரணங்களை அந்த நாட்டிலேயே போய்ச் சேகரித்துக்கொண்டு வரலாம் என்று நான் நம்பினேன்.

ஓய்வுபெற்ற ஆங்கிலேயர்கள் நிறைந்த ஒரு பஸ் சுற்றுலாவில் இடம் கிடைத்தது. மற்றவர்கள் தொலைநோக்கியும் ஓவியப் புத்தகமும் கொண்டுவந்திருந்தார்கள். நான் வறுத்து இடித்த மிளகாய்த்தூள், சேலைக்குக் கீழே போட இரண்டு சோடி கம்பளி உள்ளாடை, ஆண்கள் போடும் பனிச் சப்பாத்து ஆகியவற்றோடு கிளம்பினேன். எங்கள் இரண்டு பாஸ்போர்ட்டுகளும் என் உள்பாவாடையில் இடுப்புக்குச் சற்றுக் கீழே ஒரு பை வைத்து, நான்கு பக்கமும் மூடித் தைக்கப்பட்டிருந்தன. ஹீத்ரோவில் பாஸ்போர்ட்டைக் காட்டச் சொன்னபோது நான் கழிவறைக்குப் போய்ப் பல்லால் தையலைக் கடித்து எடுத்துக்கொண்டு வர வேண்டியிருந்தது. மகள் எனக்குப் பின்னால் நிற்காமல் வேறு வரிசைக்குப் போய்விட்டாள்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. எண்பதுகளின் நடுவில் நாங்கள் கொழும்பிலிருந்து லண்டனுக்கு வந்தது மாஸ்கோ வழியாகத்தான். அதுதான் மலிவான பாதை. விமானம் மாறுவதற்கு ஓரிரவு தங்க வேண்டும். சீருடை அணிந்த ஒருவர் எல்லோருடைய பாஸ்போர்ட்டுகளையும் ஓர் அட்டைப்பெட்டியில் போட்டுக்கொண்டு கதவுக்குப் பின்னால் போனார். மடியில் தூங்கும் குழந்தையோடு நான் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். மறுநாள் அவர் எல்லாவற்றையும் பத்திரமாகத் திருப்பித் தந்தார். ஒரு சிரிப்புக்கூடச் சிரித்தார். நடந்தது அவ்வளவுதான். ஆனால் ஊரில் அதற்கு முன் வேறு கதவுகளுக்குப் பின்னால் போனவர்கள் திரும்பி வரவில்லை. என் உடம்பு இரண்டையும் ஒரே இடத்தில் போட்டு வைத்துக்கொண்டது.

விளாதிமிரில் இறங்கிய முதல் நாளே ஹோட்டலில் எங்கள் வழிகாட்டிப் பெண், "பாஸ்போர்ட்டுகளைத் தாருங்கள், பதிவு செய்ய வேண்டும், நாளைக் காலையில் கிடைக்கும்" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டு கையில் ஒரு பெட்டியோடு வந்தார். அட்டைப்பெட்டி. பிஸ்கட் வந்த பெட்டி என்று மகள் பிறகு சொன்னாள். என் கண்ணுக்குப் பெட்டி மட்டும்தான் தெரிந்தது. ஓய்வுபெற்ற ஆங்கிலேயர்கள் பேச்சை நிறுத்தாமலே தங்களுடையவற்றைப் பெட்டிக்குள் போட்டார்கள், கோயில் உண்டியலில் சில்லறை போடுவதுபோல.

அன்றிலிருந்து என் சுற்றுலா இப்படி நடந்தது. மாலையில் பாஸ்போர்ட்டைக் கொடுப்பேன். கொடுத்துவிட்டு மேசைக்கு எதிரே ஒரு நாற்காலியில் உட்காருவேன். அந்த ஹோட்டல்களில் ஒவ்வொரு மாடியிலும் ஒரு பெண் உட்கார்ந்து யார் போகிறார்கள், யார் வருகிறார்கள், ஏன் இவ்வளவு நேரம் என்று கண்காணித்துக்கொண்டிருப்பார். சாவியும் அவரிடம்தான். உலகத்தில் எனக்கென்றே உண்டாக்கப்பட்ட வேலை அது. இத்தனை வருடம் அது ரஷ்யாவில் இருப்பது தெரியாமல் போய்விட்டது. எங்கள் மாடிப் பெண்ணும் நானும் ஒரு பார்வையிலேயே ஒருவரையொருவர் புரிந்துகொண்டோம். அவர் எனக்குத் தேநீர் தந்தார். நான் அவருக்கு ஒரு பொட்டலம் மிளகாய்த்தூள் கொடுத்தேன்.

பகலில் பாஸ்போர்ட் இடுப்புக்குத் திரும்பியபின் மகளைக் காவல் காத்தேன். விளாதிமிரின் ஒரு தேவாலயச் சுவரில் சிங்கமும் பறவையும் கொடியுமாகக் கல்லில் செதுக்கித் தள்ளியிருந்தார்கள். எல்லோரும் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார்கள். நான் மகளின் சிவப்புத் தொப்பியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நெர்ல் ஆற்றங்கரையில் ஒரு வெள்ளைக் கோயிலைப் பனி உருகிய தண்ணீருக்கு அப்பால் தூரத்திலிருந்து காட்டினார்கள். மகள் கரை விளிம்புவரை போய்க் கண்ணெடுக்காமல் பார்த்தாள். "கரையிலை நில்லாதை பிள்ளை, சறுக்கும்" என்றேன். கைவினைக் கடையில் கறுப்பு அரக்குப் பெட்டிகளில் மயிரிழைத் தூரிகையால் குதிரைகளும் நெருப்புப் பறவைகளும் வரைந்திருந்தார்கள். ஒன்றை நான் வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்தேன். மகள் ஆசையோடு அருகில் வந்தாள்.

"வடிவா இருக்குதெல்லோ அம்மா?"

"ஓம். ஆனால் பாஸ்போர்ட் கொள்ளாது."

அவள் பெட்டியை என் கையிலிருந்து வாங்கித் திருப்பி வைத்தாள். அன்று முழுவதும் அவள் எனக்கு எதையும் காட்டவில்லை.

சுஸ்தாலுக்கு மத்தியானம் போய்ச் சேர்ந்தோம். அங்கே பாஸ்போர்ட்டுகளைப் போனவுடனேயே வாங்கி, சரியாக மூடாத அந்த இரண்டாவது இழுப்பறைக்குள் வைத்தார்கள். பிறகு எல்லோரும் ஆற்றுக்கு அந்தப் பக்கம் மரக் கட்டடங்கள் பார்க்கக் கிளம்பினார்கள். நான் மேசைக்கு எதிரே உட்கார்ந்தேன்.

"அம்மா, ப்ளீஸ். உங்களுக்கு இதைக் காட்டத்தான் இவ்வளவு தூரம் வந்தது. மற்றதெல்லாம் விடுங்கோ, இது ஒண்டு."

இழுப்பறையைக் காட்டினேன். "லாச்சி பூட்டேல்லைப் பிள்ளை. நீ போட்டு வா. அந்த வழிகாட்டி மனுசியோடையே நில்."

அவள் சிவப்புத் தொப்பியை இழுத்து மாட்டிக்கொண்டு போனாள்.

கூட்டம் திரும்பி வந்தபோது அதில் சிவப்புத் தொப்பி இல்லை. வழிகாட்டிப் பெண் சிரித்த முகத்துடன் என்னிடம் வந்து, கோயில் கூரைக்கு மர ஓடு செதுக்குபவர்கள் அங்கே வேலை செய்கிறார்கள், உங்கள் மகள் அவர்களோடு பேசிக்கொண்டிருக்கிறாள், கொஞ்சம் கழித்துத் தானே வருவாள், பத்து நிமிட நடைதான் என்றார். எல்லாவற்றையும் தெளிவாகத்தான் சொன்னார். என் காதில் விழுந்தது மகள் வரவில்லை என்பது மட்டும்தான். நான் எழுந்து ஓடினேன். இழுப்பறையை விட்டுவிட்டு ஓடினேன் என்பது ஒரு தெரு தாண்டிய பிறகுதான் உறைத்தது. மகளுக்காக ஓடுவதா, பாஸ்போர்ட்டுக்காகத் திரும்புவதா என்று நடுத்தெருவில் இரண்டு பக்கமும் மாறி மாறித் திரும்பியதில் எந்தப் பக்கமிருந்து வந்தேன் என்பது மறந்துபோயிற்று.

ஆற்றைத் தேடிப் போன நான் ஒரு சந்துக்குள் நுழைந்துவிட்டேன். இரண்டு பக்கமும் மரவீடுகள். மூலையில் இரண்டு பெண்கள் வாளிகளில் உப்பிலிட்ட வெள்ளரிக்காய் விற்றுக்கொண்டிருந்தார்கள். மூச்சு வாங்க ஒரு வீட்டோரமாக நின்றேன். அப்போதுதான் சீருடை அணிந்த ஒருவர் என்னைப் பார்த்துச் சத்தம் போட்டபடி ஓடி வந்தார். வந்துகொண்டே கையை மேலே மேலே உயர்த்திக் காட்டினார்.

எனக்கு ரஷ்ய மொழி தெரியாது. கையை மேலே உயர்த்திக் காட்டுவது தெரியும். நான் சுவர்ப்பக்கம் திரும்பி, இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றேன்.

ரஷ்யக் கட்டடக்கலையை நான் முதல்முதல் ஒழுங்காகப் பார்த்தது அந்த நிலையில்தான். என் மூக்குக்கு ஒரு சாண் தூரத்தில் அந்த வீட்டின் ஜன்னல் சட்டம். மரத்தில் பின்னல் பின்னியதுபோலக் கொடி ஓடியது. கொடியில் இலை, இலைக்கு நடுவில் நரம்பு. ஒவ்வொரு இலைக்கும் நரம்பு வேறு பக்கம் வளைந்திருந்தது. ஓரிடத்தில் உளி வழுக்கியிருந்தது. அதை மறைக்க அங்கே மட்டும் ஒரு சின்னப் பூ இருந்தது. நீலச் சாயம் உரிந்த இடத்தில் அதற்கு முந்தைய பச்சை தெரிந்தது. இவ்வளவையும் நான் பார்த்தேன். பயத்தில் மனிதருக்குக் கண் இவ்வளவு நன்றாகத் தெரியும் என்றால், என்னைப்போல ஒருத்தி கலை விமர்சகராக வந்திருக்க வேண்டும்.

சீருடைக்காரருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. தொடவும் பயம், விடவும் பயம். வெள்ளரிக்காய்ப் பெண்களில் ஒருத்தி அவரைத் திட்டினாள். மற்றவள் வந்து என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். நான் சுவரை விடவில்லை. அப்போது சந்து முனையிலிருந்து, "அம்மா!" என்று கேட்டது.

மகளுக்கு என்னைக் கண்டுபிடிக்கச் சிரமமே இருக்கவில்லையாம். ஹோட்டலுக்கு வந்து நான் இல்லாததைக் கண்டு வெளியே வந்திருக்கிறாள். வழியில் கண்டவர்களிடம் அவள் வாயைத் திறப்பதற்கு முன்பே, சேலையும் பனிச் சப்பாத்தும் போன திசையைக் கை காட்டினார்களாம். அவள் வந்து என் கைகளைப் பிடித்துக் கீழே இறக்கினாள். ஒன்று, பிறகு மற்றது. சீருடைக்காரரோடு ரஷ்ய மொழியில் கதைத்தாள். அவர் மறுபடியும் கையை மேலே காட்டினார்.

"அம்மா, கூரையைப் பாருங்கோ. ஐஸ் தொங்குது. வெயிலுக்கு விழுமாம். கூரைக்குக் கீழை நிக்க வேண்டாமெண்டுதான் சொன்னவராம்."

அண்ணாந்து பார்த்தேன். வாழைக்குலை அளவில் ஒரு பனிக்கட்டி நான் கைதூக்கி நின்ற இடத்துக்கு நேர் மேலே தொங்கியது. எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். அது விழவேயில்லை. சீருடைக்காரர் எனக்கு ஒரு சலாம் வைத்தார். பெண்கள் ஒரு வெள்ளரிக்காயைக் காகிதத்தில் சுற்றித் தந்தார்கள்.

திரும்பும் வழியில் மகள் என் கையை விடவில்லை. கடைத்தெரு தாண்டியதும் சொன்னாள்:

"நான் ஃபார்மசியே படிக்கிறன் அம்மா."

"ஏன்?"

"சும்மா. அது நல்லதுதானே."

நான் எதற்காக இவ்வளவு தூரம் வந்தேனோ அது வெள்ளரிக்காயைப் போலவே சுற்றிக் கையில் தரப்பட்டிருந்தது. "ஓம்" என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவளுடைய முகத்தைப் பார்த்தேன். வெள்ளைக் கோட்டோடு அவள் நிற்கும் அந்த ஓரடி உயரம் எனக்குத் தெரிந்தது. அங்கே அவள் இந்த முகத்தோடுதான் நிற்பாள் என்பதும் தெரிந்தது. சுவரோரம் என்னைக் கண்ட முகம்.

வெள்ளரிக்காயை ஒரு கடி கடித்தேன். உப்புச் சரியாக இருந்தது.

"அந்தக் கோயில் கூரை ஓடு. மரமெண்டால் மழைக்கு உக்காதோ?"

அவள் என்னைச் சந்தேகத்தோடு பார்த்தாள். "ஆஸ்பென் மரம் அம்மா. நனைஞ்சாலும் கெதியிலை உக்காது. நாள்ப்படச் சாம்பலாகி வெள்ளி மாதிரி மின்னும். கோடாலியாலைதான் வெட்டுகினம், மரம் அரியிற வாள் பாவிச்சால் தண்ணி ஊறுமாம். ஒவ்வொண்டும் வளைவு வேறை, ஏனெண்டால் கோபுரம் நடுவிலை பெருக்கிறதெல்லோ..." ஹோட்டல் வரும்வரை அவள் நிறுத்தவில்லை. எனக்குப் பாதி விளங்கவில்லை. மீதியைக் கேட்டேன் என்றும் சொல்ல முடியாது. அவள் கைகளைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவை ஓடுகளைக் காற்றில் அடுக்கிக்கொண்டே வந்தன.

ஹோட்டல் வாசலில் சொன்னேன்: "ரஷ்யனே படி. ஆனால் நான் சில விசயம் சொல்லுவன், நீ கேக்க வேணும்."

"எத்தினை விசயம்?"

"நிறைய."

அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். நான் அவளை வாசலிலேயே விட்டுவிட்டு நேரே மேசைக்குப் போனேன். இரண்டாவது இழுப்பறை அதே விரலளவு திறந்திருந்தது. எல்லாம் உள்ளே இருந்தன. எண்ணிப் பார்க்க விட்டார்கள்.

அதன்பிறகு என்னிடம் பெரிய மாற்றம் ஒன்றும் வரவில்லை. மூன்றாம் வருடம் அவள் விளாதிமிருக்குக் கிளம்பியபோது, அவளுடைய கோட்டின் உட்பக்கம் நான் ஒரு பை தைத்தேன். நான்கு பக்கமும் தைக்காதீர்கள் என்று அவள் கெஞ்சியதால் ஒரு பக்கம் பொத்தான் வைத்தேன். மூன்று பொத்தான்.

போய் முதல் ஞாயிற்றுக்கிழமை தொலைபேசி வந்தது. கணவருக்குப் பக்கத்தில் சோபாவில் உட்கார்ந்தபடி எடுத்தேன்; அவர் பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தார். அறை பரவாயில்லையாம், சாப்பாடு பரவாயில்லையாம், மாடியிலிருக்கும் மனுசி என்னைப்போலவேயாம்.

"பாஸ்போர்ட்டை ஒஃபிசிலை குடுத்திட்டன் அம்மா. பதிவு செய்து ரெண்டு மூண்டு நாளிலை தருவினம்."

"அப்பிடியோ? நல்லது பிள்ளை. அது வழக்கம்தானே" என்றேன். என் குரல் மிகவும் அமைதியாக இருந்தது. எனக்கே பெருமையாக இருந்தது.

கணவர் பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார்.

"இஞ்சேரும், ஏன் எழும்பி நிக்கிறீர்?"