சைனேடு மேட்டின் டெல்டா

பல்லிடுக்கில் நறநறவென்று அரைபடும் மண்ணின் ருசி இன்னும் என் நாக்கில் இருக்கிறது. உப்பும் இல்லை, கசப்பும் இல்லை. துருப்பிடித்த ஆணியை வாயில் வைத்தது போன்ற ருசி. கோலார் தங்கவயலில் காற்று எழும்பும் நாட்களில் அந்த மண் சோற்றில் விழும், குழம்பில் விழும், மூடி வைத்த குடத்தின் கழுத்தில் வெள்ளை வளையமாகப் படியும். சுரங்கக்காரர்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால் மலைபோல நின்ற "சைனேடு மேடு" அதை அனுப்பிக்கொண்டே இருந்தது. சுரங்கத்தில் வெட்டிய பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் ஊற வைத்துத் தங்கத்தைப் பிரித்த பிறகு, மிஞ்சிய மண்ணைக் காலங்காலமாக அங்கேதான் கொட்டினார்கள். தங்கத்தை நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. மண்ணைத் தின்றோம்.

எங்கள் ஊரில் ஆறு கிடையாது. ஆனால் ஐப்பசி மழை இறங்கிவிட்டால் அந்த மேட்டின் உடம்பெல்லாம் ஆறு ஓடும். முதுகில் நகத்தால் கீறிய மாதிரி உச்சியிலிருந்து நூற்றுக்கணக்கான ஓடைகள் கிளம்பி, பாதி வழியில் ஒன்றோடு ஒன்று சேர்ந்து, கீழே ஒரே வாய்க்காலாகி, அடிவாரத்தில் இருந்த குட்டையில் போய் விழும். மழை விட்டதும் நானும் கௌதமண்ணனும் அங்கே ஓடுவோம். எனக்கு அப்போது பதினோரு வயது; அண்ணன் பத்தாம் வகுப்பில் இருந்தான். அந்த வருடம் அவனுக்குப் புவியியலில் டெல்டா பாடம் இருந்தது. புத்தகத்தில் நைல் என்றும் மிசிசிப்பி என்றும் போட்டிருந்த படங்களைப் பார்த்துவிட்டு, "இது நம்ம குட்டைடி" என்று என்னை இழுத்துக்கொண்டு போனான்.

"ஆறுன்னா என்னா? தண்ணி மண்ண இட்டுகினு ஓடறது, அவ்ளோதான்" என்பான் அண்ணன். வாய்க்கால் குட்டையில் சேரும் இடத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஓடுகிற தண்ணீருக்குத்தான் சுமக்கிற தெம்பு உண்டு, நின்ற தண்ணீரில் வந்து முட்டியதும் அந்தத் தெம்பு போய்விடும் என்று காட்டுவான். முதலில் கைநழுவுவது பெரிய மண். கொஞ்சம் தள்ளி நைஸ் மண். கடைசியில் மாவு போன்ற வண்டல், அது குட்டை நடுவரைக்கும் போய்ப் பால் கலங்கியது போல மிதந்து மெதுவாக அடியில் இறங்கும். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வாய்க்காலின் வாயில் ஒரு திட்டு முளைக்கும். தான் போட்ட மண்ணே தனக்குக் குறுக்கே நிற்பதால் தண்ணீர் இரண்டாகப் பிரியும். பிரிந்த ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒரு திட்டைப் போட்டு மறுபடி பிரியும். அண்ணன் குச்சியால் ஒவ்வொரு கிளைக்கும் பெயர் எழுதுவான். ஒரு கிளைக்கு என் பெயர் வைத்தான். மறுநாள் அது தூர்ந்துபோனதும் நான் அழுதேன்.

டெல்டாவின் வகைகளும் எனக்கு அந்தக் குட்டையில்தான் தெரிந்தன. காற்றில்லாத நாளில் குட்டை சும்மா கிடக்கும். அப்போது வாய்க்கால் தன் இஷ்டத்துக்கு விரல் விரலாக மண்ணை உள்ளே நீட்டிக்கொண்டு போகும். அது "பறவைக்கால்". காற்று எதிரே இருந்து அடித்தால் சிற்றலைகள் அந்த விரல்களை மழித்து, ஓரத்தை வில்லாக வளைத்துவிடும். அது "வில் வடிவம்". மூன்றாவது வகைக்குக் கடலின் ஏற்ற இறக்கம் வேண்டுமே, அதற்கு அண்ணன் ஒரு தகரத் துண்டை என் கையில் கொடுத்து, குட்டைத் தண்ணீரை முன்னும் பின்னும் தள்ளச் சொல்வான். நான் கை வலிக்க வலிக்கத் தள்ளுவேன். மண் நீள நீளமான தீவுகளாகப் பிரிந்து கிடக்கும். "கங்கை வந்துடுச்சு" என்று கத்துவான். ரொம்ப வேகமாகத் தள்ளிவிட்டால் ஒரு திட்டும் மிஞ்சாது, எல்லாம் கரைந்துவிடும். "இப்படித்தான் சில ஆத்துக்கு டெல்டாவே இல்ல. கடல் வாரிகினு போயிடும்" என்பான். ஆறும் கடலும் போடுகிற சண்டையில் யார் கை ஓங்கியதோ அதைத்தான் வடிவம் சொல்கிறது, வேறு எதையும் பார்க்க வேண்டாம், வடிவத்தைப் பார் என்பது அவன் சித்தாந்தம்.

இதைத் தேர்வுத்தாளிலும் எழுதி வைத்தான். வகுப்பில் அதை எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டிய வாத்தியார், "ஆறே இல்லாத ஊர்ல தொரை டெல்டாவப் பாத்தாராம்" என்றார். பள்ளிக்கூடம் முடிகிற வரை அவன் பெயர் "டெல்டா தொரை". அண்ணன் அதன் பிறகு புவியியலில் புத்தகத்தில் இருந்ததை மட்டும் எழுதினான்.

அம்மாவுக்கு நைலும் தெரியாது, கங்கையும் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது விஷம். பக்கத்து லைனில் ஒரு வெள்ளாடு அந்தக் குட்டைத் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கால்களை உதறிச் செத்தது. குட்டைத் தண்ணீரால்தான் செத்ததா, வேறு எதையாவது தின்றதா என்று யாரும் கேட்கவில்லை, கேட்டாலும் பதில் சொல்ல ஆள் இல்லை. அன்று முதல் நாங்கள் வெளியிலிருந்து வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவாள். "கையக் காட்டுடி, மோந்து பாக்குறேன். தொட்டியா இல்லியா? உன் அண்ணன் சொன்னான்னு சைனேட்டுக் குழில போய் விழுவியா?" சீயக்காய் போட்டுத் தேய்ப்பாள், பிறகு சவுக்காரம், பிறகு மறுபடியும் மோந்து பார்ப்பாள். நகக்கண்ணில் ஒரு வெள்ளைப் பொடி இருந்தாலும் அன்று அடி உண்டு. நான் அந்த வாசலில் நின்று கற்றுக்கொண்டது குட்டையில் கற்றதைவிட ஆழமாக இறங்கிவிட்டது என்பது எனக்கு இந்த வயதில்தான் தெரிந்தது.

குட்டை எங்கள் கண் முன்னாலேயே செத்தது. டெல்டாவின் வேலையே அதுதான். தன்னை ஏந்திய தண்ணீரை மெல்ல மெல்லத் தின்று தரையாக்கிவிடும். அண்ணன் பெங்களூர் பீன்யாவில் லேத் பட்டறை வேலைக்குப் போன வருடம், அங்கே குட்டை இருந்ததற்கு அடையாளமாகக் கொஞ்சம் கோரைப்புல் மட்டும் நின்றது.

இப்போது நாங்கள் இருப்பது எலெக்ட்ரானிக் சிட்டியைத் தாண்டி ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில். ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா என்று நான்கு கட்டிடங்கள், எங்களுடையது டெல்டா. "டெல்டாதான் மேடம் லேக் ஃபேசிங்" என்று புரோக்கர் காட்டிய திசையில் புல்வெளிதான் இருந்தது. ஏரி எங்கே என்று கேட்டதற்கு, "பேர் அப்படி" என்றார். ஏரிக்கு ஏரி தண்ணீர் கொண்டுபோகும் பெரிய கால்வாயை இந்த ஊரில் "ராஜகாலுவே" என்பார்கள். அது எங்கள் மதிலுக்கு அடியில்தான் எங்கேயோ ஓடியது என்பதை யாரும் சொல்லவில்லை. என் மகள் யசோதரா ஒன்பதாவது படிக்கிறாள். டெல்டா என்றால் அவளுக்கு ஒரு கிரேக்க எழுத்து, எங்கள் முகவரியில் ஒரு வார்த்தை.

போன மே மாதத்தின் முதல் மழைக்கு மறுநாள் காலை, அடித்தள வண்டி நிறுத்தத்தின் சரிவு முடியும் இடத்தில் மண் விரிந்து கிடந்தது. வெளுத்த, சுத்தமான மண். அசோசியேஷன் செயலாளர் அதைக் கையில் அள்ளிப் பார்த்து, "ஒள்ளெ மரளு, மேடம். நல்ல மணல். சும்மா வந்திருக்கு" என்று மகிழ்ந்து, குழந்தைகள் விளையாடுகிற குழியில் போடச் சொன்னார். நான் என்னை மறந்து கத்தினேன். யசோவின் கையைப் பிடித்து இழுத்து, எல்லோரும் பார்க்க மோந்து பார்த்தேன். "அம்மா, ப்ளீஸ்மா, எல்லாரும் பாக்குறாங்க" என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள். "இது பெங்களூர் மேடம், உங்க கேஜிஎஃப் இல்ல" என்றார் செயலாளர். நான் விடவில்லை. வாட்ஸப் குழுவில் நாள்கணக்கில் சண்டை போட்டேன். ஆதாரத்துக்காகப் பல கோணங்களில் படம் எடுத்தேன். மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தேன். விஷம் எதுவும் இல்லை என்று முடிவு வந்தது. "சைனேடு மேடம்" என்று ஒருவர் எழுத, வரிசையாகச் சிரிப்புப் பொம்மைகள் விழுந்தன. நானும் நிம்மதியாகத் தூங்கினேன். விஷம் இல்லையாம், வேறென்ன வேண்டும்?

அடுத்த பெருமழை ஒரு மாலையில் வந்தது. கணவர் வேலையாகச் சென்னையில் இருந்தார். நான் கம்பெனி வண்டியில் மேம்பாலத்தின் மேல் நகராமல் நின்றுகொண்டிருந்தேன். செக்யூரிட்டி பசப்பாவின் போன் வந்தது. "மேடம், பாப்பு கெளகடெ இத்தாளெ!" என்றார். யசோ அடித்தளத்தில் இருக்கிறாள். சைக்கிளை எடுக்க இறங்கியிருக்கிறாள். சரிவு வழியாக மதகு திறந்தது போலத் தண்ணீர் வந்திருக்கிறது. சைக்கிள் அறையின் இரும்புக் கதவு வெளிப்பக்கம் திறப்பது. வெளியே நின்ற தண்ணீர் அதைத் திறக்க விடவில்லை. பாலத்தின் மேலிருந்து நான் செய்ய முடிந்ததெல்லாம் போனைக் காதில் அழுத்திக்கொண்டு தண்ணீரின் சத்தத்தைக் கேட்பதுதான். டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். யாரோ மின்சாரத்தை நிறுத்தினார்கள். பசப்பாவும் உணவு கொண்டுவந்த ஒரு டெலிவரிக்காரரும் காற்றுப்போக்கியின் கம்பியைப் பெயர்த்து அவளை மேலே தூக்கினார்கள். அப்போது தண்ணீர் அவள் கழுத்தெலும்பைத் தொட்டிருந்தது.

அவள் உறங்கிய பிறகு அண்ணனுக்கு அந்தப் பழைய படங்களை அனுப்பினேன். உடனே கூப்பிட்டான்.

"இத எப்ப எடுத்த?"

"முதல் மழைக்கு மறுநாள்."

"பறவைக்கால்டி இது. எவ்ளோ நீளத்துக்கு வெரல் நீட்டியிருக்கு பாரு. ஒரே மழைல இப்படின்னா கால்வாயே உங்க ஊட்டுக்குள்ள திரும்பியிருக்குன்னு அர்த்தம். அப்பவே எனக்கு ஏன் அனுப்பல?"

"நான் மண்ணத்தாண்ணா பாத்தேன்."

"ஞாயித்துக்கெழம வந்து பாக்குறேன்" என்றான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நாங்கள் இன்னும் அங்கேதான் இருக்கிறோம். "ஒரு மழைக்கு வீட்ட மாத்துவாங்களா?" என்கிறார் கணவர். அண்ணன் ஞாயிற்றுக்கிழமை பார்க்க வந்தபோது பார்ப்பதற்கு எதுவும் இல்லை; குழாய் வைத்துக் கழுவி, இரண்டாவது முறை வந்த மண்ணையும் லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். சுவரில் தண்ணீர் நின்ற உயரத்தில் ஒரு பழுப்புக் கோடு இருந்தது. வீடு பார்க்க வருகிறவர்கள் பயப்படுவார்கள் என்று அதன் மேல் வெள்ளை அடித்தாயிற்று. சரிவின் கீழே நின்று அண்ணன் மேலும் கீழும் பார்த்தான். எந்த ஏரி, எந்தக் கால்வாய் என்று கேட்டால் காட்டுவதற்கு என்னிடம் ஒரு மதில்தான் இருந்தது.

யசோ இப்போது சைக்கிள் ஓட்டுவதில்லை. அதைப் பற்றிப் பேச்செடுத்தால், "ஹோம்வொர்க் இருக்கும்மா" என்கிறாள். லிஃப்டில் இறங்கும்போது அவளை அறியாமல் அவள் வலது கை மேலே எழுந்து, கழுத்தெலும்பின் மேல் விரல்களைப் படுக்க வைத்துக்கொள்கிறது. தரைத்தளம் வந்து கதவு திறக்கும்வரை அதை எடுப்பதில்லை. வெள்ளை அடித்து மறைத்த கோடு எந்த உயரத்தில் இருந்தது என்று யாராவது கேட்டால் அந்தக் கையைத்தான் காட்ட முடியும். இதுவரை யாரும் கேட்கவில்லை.