அதே வீடு, அதே ஆள்

மக்களின் உடல்நிலை ஆண்டுக்கு ஆண்டு எப்படி மாறுகிறது என்று கணக்கெடுக்க இரண்டு வழி உண்டு. ஒவ்வொரு முறையும் புது வீடுகளைக் குலுக்கி எடுக்கலாம். அல்லது முதலில் பிடித்த வீடுகளையே விடாமல் பின்தொடரலாம். கள்ளக்குறிச்சி அலுவலகத்தில் இரண்டாவதற்காகத் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியவன் நான். "அதே வீடு, அதே ஆள் சார். அப்பத்தான் உண்மை தெரியும்."

"பழகப் பழகப் பாலும் புளிக்கும்யா," என்றார் மேலதிகாரி. இருந்தாலும் ஒப்புக்கொண்டார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

கல்வராயன் மலையில் என் பங்குக்கு வந்த வீடுகளில் ஒன்று, மரவள்ளி போடும் ஒரு அக்காவுடையது. முதல் வருஷம் பாவம், "மூட்டு வலி இருக்குது" என்று வாயை விட்டுவிட்டார். வலி என்று சொன்னால், பதில்களைப் பதியும் என் டேப்லெட் கணினி சும்மா விடாது. எங்கே, எப்போதிருந்து, யாரிடம் காட்டினீர்கள் என்று பதினோரு கேள்விகளைக் கொட்டும். அன்று அவர் காட்டுக்குப் போகவே மதியமாகிவிட்டது. இரண்டாம் வருஷம் எல்லாவற்றுக்கும் "இல்லைங்க". மூன்றாம் வருஷம் நான் கேள்வியை முடிப்பதற்குள்ளேயே "இல்லைங்க". அந்த ஊரே அப்படித்தான் சொன்னது. அடேயப்பா, என்ன முன்னேற்றம்! அறிக்கையின் முதல் வரியை மனதுக்குள் எழுதிக்கொண்டே ஜீப்பை நோக்கி இறங்கினேன்.

சரிவில் அதே அக்கா கூடையைப் போட்டுவிட்டுப் பாறையில் உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வேர்வை.

"இன்னாக்கா ஆச்சு?"

"நெஞ்ச அடைக்குது சார். அப்பப்ப வரும், போவும்."

"இப்பத்தான நெஞ்சு வலி இல்லைன்னீங்க?"

"இருக்குதுன்னா வுடமாட்டீங்களே. கெழங்கு புடுங்க ஆளுங்க காத்துக்கினு இருக்குது."

ஜீப்பில் ஏற்றி அடிவாரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டரம்மா பேனாவை எடுத்தார். "நெஞ்சு வலி இருக்கா?"

அக்கா அந்தப் பேனாவைப் பார்த்தார். "இல்லைங்க."

"பொய் சொல்றாங்க மேடம்!" என்று அலறினேன். பதில் சொல்பவரை மறுத்துப் பேசக் கூடாது என்று பயிற்சி வகுப்பில் பாடம் நடத்துபவனே நான்தான்.

"நீங்க யாரு?"

"மூணு வருஷமா இவங்க உடம்பைத்தான் கணக்கெடுக்கிறேன்."

"நல்லதாப் போச்சு. எத்தனை நாளா வலி?"

டேப்லெட்டைத் திறந்து பார்த்தேன். நெஞ்சு வலிக்கு நேரே மூன்று வருஷமும் "இல்லை".

நல்லவேளை, ஈசிஜி எடுத்து ஊசி போட்டு ஆளைப் பிழைக்க வைத்துவிட்டார்கள். மூச்சு சீரானதும் டாக்டரம்மா, எத்தனை நாளாக வலி என்று அக்காவிடமே கேட்டார்.

அவர் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "போன வருசம் இவரு வந்தப்பவே இருந்துதுங்க."