கொட்டாவிக்குப் பொங்கிய கை

என் வலக்கை திரும்ப வந்த கதையைப் பேசும்போதெல்லாம் சொந்தக்காரர்கள் என் நாத்தனாரைத்தான் புகழ்வார்கள். "அவ அன்னைக்கு அப்படிச் செய்யலேன்னா உனக்குக் கை ஏது?" என்பார்கள். கேட்கும்போதே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதனால் நடந்ததை எழுதிவிடுகிறேன். கணவரின் அக்காள் என்ற மரியாதைக்கு அவளை 'அவர்' என்று எழுத வேண்டும். எழுத மாட்டேன்.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. எங்கள் தாலுகாக்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டுமா, திருவிதாங்கூர்-கொச்சியிலேயே இருக்க வேண்டுமா என்று தெருவெல்லாம் ஒரே பேச்சு. என் வீட்டில் என் கையைப் பற்றிப் பேசினார்கள். என்னிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்கவில்லை.

எனக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. ஒரு நாள் காலை தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். மூடி கையிலிருந்து நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தேன், நானும் விழுந்தேன். வலக்கை, வலக்கால், வாய் எல்லாம் போயிற்று. ஊர் வைத்தியர் வந்து பார்த்து, "பக்கவாதம். நாலு மாசம் கைய அனக்கப்பிடாது" என்றார். அசைக்கவே கூடாதாம். எண்ணெய் தேய்த்து, துணி சுற்றி, கையைத் தலையணை மேல் கிடத்தினார்கள். ஒரு மாதத்தில் பேச்சுத் தெளிந்தது. காலும் மெல்ல வந்தது, ஏனென்றால் கொல்லைப்புறம் போக நடந்துதானே ஆக வேண்டும்? கைக்கு மட்டும் ஒரு வேலையும் வைக்கவில்லை. நாத்தனார் சோற்றை உருட்டி உருட்டி என் வாயில் திணித்தாள். நான் மென்று முடிக்கும் முன்பே அடுத்த உருண்டை வந்துவிடும்.

வடசேரிச் சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்த என் கணவர் ஒரே ஒரு முறை என்னை நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு நர்சு என் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தாள். "சதை நல்லாத்தான் இருக்கு. தலையிலேருந்து வரவேண்டிய சேதிதான் வழியில அறுந்து போச்சு. நீங்க சொல்லிக்கிட்டே இருக்கணும். அது வேற வழி பாத்து வந்து சேரும்" என்றாள். என் கணவர் தலையை ஆட்டினார். வீட்டுக்கு வந்ததும் அக்காள் பேச்சுக்கும் அதே தலையை ஆட்டினார்.

நான் சொல்லிப் பார்த்தேன். 'விரி' என்றால் தோள் மேலே ஏறும். 'விடு' என்றால் விரல்கள் இன்னும் இறுகும். யாரோ ஒருத்தியின் கையை என் உடம்பில் தைத்து வைத்த மாதிரி இருந்தது. அதைத் திட்டுவேன், கிள்ளுவேன், அழுவேன்.

ஒரு மத்தியானம் பசி பொறுக்காமல் இடக்கையால் சோற்றை அள்ளித் தின்றேன். நாத்தனார் பார்த்துவிட்டாள். "பீச்சாங்கையால சோத்தத் தொடுகா! இந்த வீடு வெளங்குமா?" என்று கத்தினாள். நேரம் பாருங்கள், அப்போது எனக்குக் கொட்டாவி வந்தது. வலக்கை தானாக நெஞ்சு வரை எழும்பி நின்றது. கொட்டாவி முடிந்ததும் பொத்தென்று விழுந்தது. அதற்கு முன்பும் அப்படி ஓரிரு முறை நடந்திருக்கிறது. நான் கேட்டால் வராத கை கொட்டாவிக்கு எப்படி வருகிறது என்று எனக்கே விளங்கவில்லை. அவளுக்கு விளங்கிவிட்டது.

"பாத்தியாடே, இவ நடிக்கா! கொட்டாவிக்குப் பொங்குத கை சோத்துக்குப் பொங்காதோ?" என்றாள் தம்பியிடம்.

பழைய வேட்டியைக் கிழித்து என் இடது மணிக்கட்டைக் கட்டில் காலோடு கட்டினாள். தட்டை முன்னால் தள்ளினாள். நான் கணவரைப் பார்த்தேன். அவர் வாசலில் நின்றுகொண்டு, "அக்கா, பைய கெட்டு" என்றார். மெதுவாகக் கட்டு, அவ்வளவுதான். கட்டாதே என்று சொல்ல அந்த மனிதருக்கு வாய் வரவில்லை. அந்தப் 'பைய'வை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை.

அன்று முதல் இரண்டு வேளையும் கட்டுத்தான். முதல் நாள் தட்டு கவிழ்ந்தது, பட்டினி கிடந்தேன். பத்தாம் நாளோ என்னவோ, நாலு பருக்கை உதட்டுக்கு வந்தது. சந்தோஷப்படவும் எனக்குப் பிடிக்கவில்லை. வயிறு நிரம்பாத வேளையில் அவளே மிச்சத்தைத் திணிப்பாள். நான் சோற்றைப் பார்க்கவில்லை, அந்த முடிச்சைத்தான் பார்த்தேன். சோற்றை வழித்துவிடலாம். முடிச்சுக்குப் பெருவிரலும் சுட்டுவிரலும் சேர வேண்டும். பெருவிரல்தான் கடைசிவரை பிடிவாதம் பிடித்தது. அவள் அந்தப் பக்கம் போனதும் முடிச்சின் மேல் விரல்களை வைத்து, 'பிடி, பிடி' என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வேன். சித்திரையில் கட்டினாள். ஆடி வரை சொன்னேன்.

ஆடியில் ஒரு நாள் மத்தியானம் கணவரும் வீட்டில் இருந்தார். நாத்தனார் கட்டிவிட்டு, சோறும் தீயல் குழம்பும் போட்டாள். நான் தட்டைத் தொடவில்லை. அவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வலக்கையைக் கட்டில் காலுக்குக் கொண்டுபோனேன். விரல் இரண்டு தரம் வழுக்கியது. மூன்றாம் தரம் துணியின் நுனியைப் பிடித்தது. இழுத்தேன். முடிச்சு அவிழ்ந்தது.

"நான் சொன்னேம்லா நடிக்கான்னு!" என்றாள் நாத்தனார். அதே மூச்சில், "நான் கெட்டினதுதாம்டே மருந்து" என்றும் சொன்னாள். நடிப்புக்கு எதற்கு மருந்து என்று கேட்க அந்த வீட்டில் ஆள் இல்லை.

கணவர் சிரித்துக்கொண்டே என் முன்னால் குந்தினார். "எங்க, அந்தக் கையால ஒரு வாய் தின்னு காட்டு பாப்போம்."

வலக்கையை மடியில் வைத்துக்கொண்டேன். இடக்கையால் சோற்றைப் பிசைந்தேன். அவர்கள் இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டே, தட்டில் ஒரு பருக்கை மிச்சமில்லாமல் தின்று முடித்தேன்.